வீட்டைப் பார்த்து நின்ற கார்

அந்த பஸ்ஸை நான் ஏன் போக விட்டேன்? இன்றுவரை இதையே என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோரம் நின்று கையைத் தூக்கியது நான்தான். பஸ் நின்ற பிறகு கையை இறக்கியதும் நான்தான்.

மகளுக்கு அப்போது இரண்டு வயது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் காய்ச்சல் ஏறி ஒரு தடவை வலிப்பு வந்திருந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, இது சில பிள்ளைகளுக்கு வரும், வளர வளரப் போய்விடும் என்றார். ஆனால் காய்ச்சல் ஏறினால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் முதல் பாதியை என் கணவர் எடுத்துக்கொண்டார். இரண்டாவது பாதியை நான் எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் இருப்பது நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பாடசாலைக்குப் பின்னால் உள்ள குவாட்டர்ஸில். நான் அந்தப் பாடசாலையில் ஆசிரியை. கணவருக்குத் தோட்ட ஆபீஸில் வேலை. வலிப்புக்குப் பிறகுதான் அந்தப் பழைய காரை வாங்கினோம். மற்றவர்களுக்கு அது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிற கார். எனக்கு அது பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிற கார், அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் சமதரை கிடையாது. வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதன் மூக்கு பள்ளத்தைப் பார்க்கும்படி நிறுத்தி, சில்லுக்கு ஒரு கல் வைப்பார்கள். குளிரில் பெட்டரி மக்கர் செய்தால் கல்லை எடுத்துவிட்டு உருட்டியே கிளப்பிவிடலாம். எங்கள் காரும் அப்படித்தான் நின்றது. பொழுது சாய்வதற்குள் ஒரு தடவை ஜன்னலால் எட்டிப் பார்த்து, மூக்கு கீழே இருப்பதைக் கண்ட பிறகுதான் எனக்கு மனம் அடங்கும்.

ஒருநாள் காருக்குக் கீழே ஈரம் தெரிந்தது. மறுநாளும் தெரிந்தது. கணவர் படுத்துப் பார்த்துவிட்டு, வாட்டர் பம்ப் ஒழுகுகிறது, எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்ற வைப்பதே அதுதான் என்றார். கராஜில் விட்டால் எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. அதனால் பதுளையில் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம் புதிய பம்ப் ஒன்றை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே கழற்ற ஆரம்பித்தார். ஃபோனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து லய வரிசை வீட்டு அக்கா தண்ணீர்க் குடத்தோடு வந்தவர் நின்று பார்த்தார். "என்னா டீச்சர், உங்க வீட்டுக்காரரு வண்டிய பிரிச்சுப் போட்டுட்டுப் படம் பாக்குறாரு?"

"படம் பாத்துத்தான் பிரிக்கிறேன் அக்கா."

"பிரிக்கிறது யாரு வேணும்னாலும் பிரிக்கலாம் தம்பி. என் மகன் ரேடியோவப் பிரிச்சான். இன்னும் அது சோத்துப் பானைக்குள்ளதான் கெடக்கு."

நானும் சிரித்தேன். கழற்றிய போல்ட்டுகளை மகளின் சாப்பாட்டுத் தட்டில் வரிசையாக வைத்தேன். எது எங்கிருந்து வந்தது என்பது மாறிவிடக் கூடாது. மகள் அவற்றைத் தொட வந்தாள், நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். கை சுட்டது.

வெயிலில் நின்றதால் இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உள்ளே தூக்கிக்கொண்டு போய்த் தர்மாமீட்டர் வைத்தேன். வெயிலால் இல்லை, காய்ச்சல்தான். மருந்து கொடுத்தேன், ஈரத்துணியால் துடைத்தேன். பின்னேரம் ஆனபோது அவள் கண் சொருகுகிற மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். போன தடவையும் இப்படித்தான் பார்த்தாள்.

தோட்டத்து ஆட்டோக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எல்ல டவுனுக்குப் போய்விடுவார்கள், சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்களை ஏற்ற. பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை.

வெளியே போய், "ஏங்க, இன்னும் எவ்வளவு நேரம்?" என்றேன்.

"பூட்டிட்டேன். ஆனா பம்ப சுத்திப் போட்ட பசை காயணும். நாளைக்கு வரைக்கும் விடச் சொல்லி டியூப்ல போட்டிருக்கான்."

"அதுவரைக்கும் இருக்க முடியாதுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கழற்றும்போது வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைத் தூக்கி ரேடியேட்டருக்குள் ஊற்றினார். வாய்வரை நிறைந்துவிட்டது. வாளியில் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. புதிய பம்ப் போட்டதும் முன்பைவிடக் குறைவாகவா தண்ணீர் பிடிக்கும் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் நேரம் போகும் என்று கேட்கவில்லை. அவர் கல்லை எடுத்தார், நாங்கள் புறப்பட்டோம்.

பயம் முழுவதும் எனக்கு அந்தப் பசைமேல்தான் இருந்தது. வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்த்தேன், ரோட்டில் ஈரக் கோடு விழுகிறதா என்று. ரோடு காய்ந்தே கிடந்தது. ஆனால் சூடு காட்டும் முள் நடுவில் நிற்காமல் மேலே ஏறியது.

"ஹீட்டரைப் போடு. ஃபுல்லா போடு," என்றார் அவர். எஞ்சினின் சூட்டை ஹீட்டர் வழியாக உள்ளே இழுத்துக்கொண்டால் எஞ்சின் கொஞ்சம் ஆறும்.

"பாப்பா நெருப்பா கொதிக்கிறா. உள்ள சூடு வந்தா என்ன ஆகும்?"

"வண்டி நின்னுட்டா என்ன ஆகும்?"

மகளைச் சால்வையிலிருந்து பிரித்து, ஜன்னல் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஹீட்டரைத் திருகினேன். வரப்போகிற அனலுக்கு முதுகைக் கொடுத்து மகளை மறைத்துக்கொண்டேன்.

குளிர்ந்த காற்று வந்தது. நல்ல, ஈரமான, மலைக்காற்று மாதிரி. "அப்பாடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் முகம் வெளிறியிருந்தது.

"சூடு வரலையா?"

"இல்லை, குளிரா வருது."

"அப்ப உள்ள தண்ணியே ஓடல." முள் சிவப்புக்குப் பக்கத்தில் இருந்தது. "எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல உருட்டிக்கிட்டு எறங்கிரவா?"

எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக் மிதிக்க மிதிக்க இறுகிப் பிடிக்காமல் போகும் என்று அவரே எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். "வேணாம். ஓரம் கட்டுங்க," என்றேன்.

ரோட்டோரம் ஒரு பீலியிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த இடத்தில் நிறுத்தினார். பொனெட்டைத் திறந்ததும் ஆவி வந்தது. ரேடியேட்டர் மூடியில் கை வைக்க முடியாது, காத்திருக்க வேண்டும். நான் பீலித் தண்ணீரில் துணியை நனைத்து மகளின் கழுத்திலும் கக்கத்திலும் வைத்தேன். ஒரு பக்கம் அவர் எஞ்சினை ஆற்றினார், இன்னொரு பக்கம் நான் பிள்ளையை ஆற்றினேன்.

அங்கே சிக்னல் கிடைத்தது. அவர் நானாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹீட்டர்ல குளிர்க் காத்தா? காத்து அடைச்சிருக்கு தம்பி. தண்ணி ஊத்தக்குள்ள வண்டி மூக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"பள்ளத்தப் பாத்து, நானா."

"அதானே! மேல இருந்து வார ஆக்கள் எல்லாருக்கும் இதே கதைதான். மூக்கு கீழ இருந்தா ரேடியேட்டர் நெறஞ்ச மாதிரிக் காட்டும், காத்து எஞ்சினுக்குள்ள மேல போய் ஒக்காந்துக்கும். ஆறினதும் வண்டியத் திருப்புங்க. மூக்கு மேட்டப் பாக்கணும். மூடியத் தெறந்து வச்சு, குமிழி நிக்கிற வரைக்கும் ஊத்துங்க. பொறுமையா செய்யுங்க, தம்பி."

ஆறிய பிறகு மெல்லக் கிளப்பித் திருப்பினார். இப்போது கார் வீட்டைப் பார்த்து நின்றது. பதுளை எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் மூடியைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, பீலித் தண்ணீரைப் பிடித்து ஊற்ற ஆரம்பித்தார். உள்ளே களக் களக் என்று சத்தம் வந்தது.

அந்த நேரத்தில்தான் பதுளை பஸ் வந்தது. நான் கையைத் தூக்கினேன். நின்றது. படிவரை ஆள்.

"ஏறுங்கக்கா, உள்ள எடம் இருக்கு!" என்றார் கண்டக்டர். உள்ளே இடம் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கணவர் நிமிராமலே, "கொஞ்ச நேரம்தான். குமிழி கொறையுது," என்றார்.

அந்த நெரிசலில் வலிப்பு வந்தால் அவளை எங்கே படுக்க வைப்பேன்? காரிலே வந்தால் படுக்க வைக்கலாம். ஆனால் கார் போகுமா? பஸ் போகும். அது மட்டும் நிச்சயம்.

"ஏறுறீங்களா இல்லையாக்கா? பின்னால லொறி ஹோர்ன் அடிக்கிறான்."

நான் கையை இறக்கினேன். பஸ் போய்விட்டது.

அதன்பின் அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். நான் ஹீட்டருக்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காற்று முதலில் குளிராகத்தான் வந்தது, பிறகு வெதுவெதுப்பாக, பிறகு கையை எடுக்கும்படி சுட்டது. உடனே ஹீட்டரை மூடினேன். மூடியை இறுக்கி, காரைத் திருப்பி, இறங்கினோம். முள் நடுவில் நின்றது. நான் ஒரு கண்ணை முள்ளிலும் ஒரு கண்ணை மகளிலும் வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் உடம்பு என் மடியில் விறைத்தது. நர்ஸ் வாங்கிக்கொண்டு ஓடினார். நான் வெறும் சால்வையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து அழுகைச் சத்தம் வந்தது. அவள் அழுவதைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

"நேரத்தோட கொண்டு வந்துட்டீங்க," என்று டாக்டர் சொன்னார். கணவர் அதோடு நிம்மதியாகிவிட்டார். என்னால் முடியவில்லை. பஸ்ஸில் ஏறியிருந்தால் வலிப்பு வருவதற்கு முன்பே மருந்து ஏறியிருக்குமோ? அல்லது வளைவு ஒன்றில், நிற்க இடமில்லாத அந்தக் கூட்டத்தில் வந்திருக்குமோ? அந்த பஸ் எப்போது பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது என்று யாரிடமும் நான் விசாரிக்கவில்லை. தெரிந்துகொள்ளப் பயம்.

மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். பம்பும் ஒழுகவில்லை. கார் இன்னும் பள்ளத்தைப் பார்த்துத்தான் நிற்கிறது. தண்ணீர் ஊற்றும்போது மட்டும் திருப்புகிறோம். பிரச்சினை என்னவென்றால், அடுத்த விடுமுறைக்கு கிளட்சையும் வீட்டிலேயே கழற்றப் போகிறேன் என்கிறார் கணவர். வேண்டாம் என்று சொல்ல வாய் வருகிறது. அன்று கொண்டுபோய்ச் சேர்த்தது அவர் கைதானே என்றும் தோன்றுகிறது.

மலையில், ஒரே வண்டியை நம்பி, இப்படியொரு பிள்ளையை வளர்க்கும் தாய்மார் இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். வண்டி பிரித்துக் கிடக்கும் நாளுக்கு நீங்கள் முன்கூட்டியே என்ன ஏற்பாடு செய்து வைக்கிறீர்கள்? அன்று என் இடத்தில் நின்றிருந்தால், நீங்கள் அந்த பஸ்ஸில் ஏறியிருப்பீர்களா?