ஆமை நோட்டும் பத்து லிட்டர் கிரைண்டரும்

நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஜீவமணிக்குத் தன் மனைவியைவிட ஒரு விஷயம் கூடுதலாகத் தெரிந்திருந்தது. அது தப்பாகத் தெரிந்திருந்தது என்பது ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் வெளியானது.

ஜீவமணி தோணியில் பண்டாரி, அதாவது சமையல்காரர். புன்னைக்காயலில் பிறந்தவர். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் அவரும் ஒருவரையொருவர் கைவிட்டார்கள். பதினேழு வயதில் தூத்துக்குடிக்கு வந்து மரத்தோணி ஏறினார். முதல் பயணத்தில் மாலே போய்ச் சேரும்வரை வாந்தி. இவனைப் பாய்மரத்தின் மேலே ஏற்றினால் கீழே நிற்பவர்களுக்கு ஆபத்து என்று அடுப்படியில் உட்கார வைத்தார்கள். முப்பத்தொரு வருஷமாக அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார். வாந்தி நின்றுவிட்டது, பதவி உயர்வும் நின்றுவிட்டது.

தோணியில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளியின் சரக்கு போக, ஆட்கள் சொந்தமாகச் சில மூட்டைகள் ஏற்றிக்கொள்ளலாம். ஜீவமணி வெங்காயம் ஏற்றுவார். மாலேயில் விற்றால் மாலத்தீவு ரூபியா கிடைக்கும். அந்த ரூபியாவை யாரும் ஊருக்குக் கொண்டுவருவதில்லை, அங்கேயே மாசி வாங்கிவிடுவார்கள். சூரை மீனை அவித்து, புகைபோட்டு, விறகுக்கட்டை மாதிரி காயவைத்த கருவாடு அது. தூத்துக்குடியில் அதை விற்றால் நம்ம ரூபாய். வெங்காயமாகப் போனது மாசியாகத் திரும்பும், வீடு ஒரு வாரம் நாறும், மனைவி பிலோமி ஒரு வாரம் திட்டுவாள். இப்படித்தான் நடந்துவந்தது.

இந்தப் பயணத்தில் ஜீவமணியிடம் புதுப் போன் இருந்தது.

ஒன்பது மூட்டை வெங்காயத்துக்கு ஒன்பதாயிரம் ரூபியா கிடைத்தது. வழக்கம்போல மாசிக்கடைக்கு நடந்தவர், பாதி வழியில் நின்று போனில் தட்டிப் பார்த்தார். ஒரு ரூபியாவுக்கு நம்ம காசு ஐந்து ரூபாய் எழுபது பைசா என்று காட்டியது. ஒன்பதாயிரத்துக்கு ஐம்பத்தோராயிரத்து முந்நூறு! மாசி வாங்கிப் போய் விற்றால் நாற்பதாயிரம் தேறும். இத்தனை வருஷமாகத் தோணிக்காரர்கள் எல்லாரும் மடையர்களாக இருந்திருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது.

வெங்காயம் வாங்கிய மாலே கடைக்காரன் வேறொரு வழியும் சொன்னான். இருபது ரூபியா கொடு, ஒரு டாலர் தருகிறேன் என்றான். ஜீவமணி உடனே போனைப் பார்த்தார். டாலருக்குப் பதினைந்து ரூபியா நாற்பத்திரண்டு காசுதான் போட்டிருந்தது. பதினைந்துக்கு விற்க வேண்டியதை இருபதுக்கு விற்கிறானாம். திருட்டுப்பயல். அந்த விலைக்கு எந்தப் பேங்க் தனக்கு டாலர் தரும் என்று விசாரித்திருந்தால், எந்தப் பேங்கும் தராது என்பது தெரிந்திருக்கும். அரசாங்கம் சொல்லும் விலையில் டாலர் கேட்டு அந்த ஊர்க்காரனே வரிசையில் நிற்கிறான். கிடைக்காதவன்தான் இருபது கொடுத்து வெளியே வாங்குகிறான். ஆனால் ஜீவமணி விசாரிக்கவில்லை. போன் இருக்கும்போது மனுஷரை எதற்குக் கேட்க வேண்டும்?

அவசரத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. பிலோமி வீட்டில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறாள். செல்வதுரை அண்ணாச்சி கடையில் பத்து லிட்டர் கிரைண்டர் ஒன்றுக்குப் பத்தாயிரம் முன்பணம் கட்டியிருந்தாள். மீதி முப்பத்தெட்டாயிரத்தைச் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கட்டவேண்டும். தவறினால் மிஷின் வேறு ஆளுக்கு, முன்பணமும் திரும்பாது. இது பிலோமி கணக்கு. ஜீவமணி கணக்கில், கூட ஒரு பதினோராயிரம் போட்டால் இருபது லிட்டரே வாங்கலாம். மாலேயிலிருந்தே செல்வதுரைக்குப் போன் போட்டுப் பெரிய மிஷினை எடுத்துவைக்கச் சொன்னார். "பிலோமிட்ட மூச்சு விட்றாதிய" என்றும் சொன்னார்.

புதன்கிழமை அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் பிலோமி மூக்கை உறிஞ்சினாள்.

"என்னங்க, ஒண்ணும் நாறல? மாசி எங்க?"

ஜீவமணி ஆயிரம் ரூபியா நோட்டு ஒன்பதையும் பாயில் விரித்தார். பிளாஸ்டிக் நோட்டு, அதில் கடலாமை படம். பிலோமி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆமைய வீட்டுல வெச்சிருந்தா வனத்துறைக்காரன் பிடிச்சிட்டுப் போவானே. படத்துக்கும் பிடிப்பானா?"

"ஏளா, இது அம்பத்தோராயிரம். போன்ல பாரு."

அவள் போனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "நாளைக்கு மாத்திட்டு வந்து பேசுங்க" என்றாள்.

வியாழக்கிழமை இரண்டு பேருமாகப் பேங்குக்குப் போனார்கள். கவுன்டரில் இருந்த பெண் நோட்டைத் தொடக்கூட இல்லை.

"இந்தக் கரன்சி நாங்க எடுக்கதில்ல சார்."

"போன்ல ரேட் போட்டிருக்கே?"

"ரேட்டெல்லாம் இருக்கு சார். எடுக்கதுதான் இல்ல."

அடுத்து, வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடை. அங்கே ஒரு பலகை தொங்கியது. டாலர், திர்ஹாம், சிங்கப்பூர் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விலை. டாலரை அவர்கள் வாங்கினால் எண்பத்தேழு, விற்றால் தொண்ணூறு. ஆமை நோட்டுக்கு வரிசையே இல்லை. கடைக்காரர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இத வாங்கி நான் யாருக்கு விக்க? ரெண்டு ரூபாக்குன்னா வேணா வெச்சிட்டுப் போங்க."

ரெண்டு ரூபாய் என்றால் பதினெட்டாயிரம். ஜீவமணிக்கு முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய வாந்தி ஞாபகம் வந்தது. பிலோமி அவரைக் கவனிக்கவில்லை, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே டாலருக்கு எதுக்கு அண்ணாச்சி ரெண்டு வெல?"

"நடுவுல உள்ள மூணு ரூபாலதான தாயி நான் சோறு திங்கேன்."

அது அவளுக்கு உடனே விளங்கியது. அவளும் அப்படித்தான் சாப்பிடுகிறாள்.

அன்று சாயங்காலம் ஆறு பாக்கெட் மாவு மிஞ்சியிருந்தது. பாக்கெட்டில் நாற்பது ரூபாய் என்று ஒட்டியிருந்தது. பொழுது சாயச்சாய முப்பதுக்கும், கடைசி இரண்டை இருபத்தைந்துக்கும் தள்ளினாள். வாசலில் உட்கார்ந்திருந்த ஜீவமணி போனைத் தட்டிக்கொண்டிருந்தார். ஐந்து எழுபத்திரண்டு ஆகியிருந்தது. ஏறுகிறதே என்று அவருக்கு ஒரு சந்தோஷம், எடுப்பார்தான் யாருமில்லை.

"போன்ல உள்ளது பாக்கெட்டுல ஒட்டுன வெல" என்றாள் பிலோமி. "ஒட்டுன வெலைக்கா நான் இப்பம் வித்தேன்?"

"மாவுன்னா எல்லாரும் வாங்குவாவ. இத எவன் வாங்குவான்?"

"மாவு எல்லாரும் வாங்க மாட்டாவ. தோசக்கல்லு உள்ளவதான் வாங்குவா. இந்த நோட்டுக்குத் தோசக்கல்லு எங்க இருக்கு?"

ஜீவமணி யோசித்தார். மாலேயில் இருந்தது. வேறெங்கும் இல்லை.

"அப்பம் மாலேக்குப் போறவன்ட்டதான விக்கணும். நாளைக்கு எந்தத் தோணி போவுது?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தண்டல் லிங்கராஜ் ஓட்டும் தோணி புறப்படுவதாக இருந்தது. தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். காலையில் பழைய துறைமுகத்தில் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. ஜீவமணி தயங்கித் தயங்கிப் பிலோமிக்குப் பின்னால் நடந்தார். லிங்கராஜ் நோட்டைப் பார்த்ததும் சிரித்த சிரிப்பில் மூட்டை தூக்கினவர்கள் நின்றுவிட்டார்கள்.

"ஏலே பண்டாரி, மாசிக்குப் பதிலா ஆமையா கொண்டாந்திருக்க? குழம்பு வைக்கவா?"

ஜீவமணி கடலைப் பார்த்தார். பிலோமி முன்னால் வந்தாள்.

"அண்ணாச்சி, போன்ல அஞ்சு எழுவது. நீங்க அஞ்சு ரூபா தாங்க."

"அங்க ரோட்டுல ஒரு டாலருக்கு இருபது ரூபியா தாரான் தாயி. டாலர் எம்பத்தேழு. நாலு ரூபா சொச்சம்தான் வருது. நாலு ரூபான்னா எடுக்கேன்."

"எம்பத்தேழா? அது நீங்க டாலர விக்கப் போனா உள்ள வெல. வாங்கப் போனா தொண்ணூறு. நேத்துதான் பலகைல பாத்துட்டு வந்தேன். தொண்ணூறுக்கு வாங்கி அங்க இருபதுக்கு மாத்துனா, ரூபியா நாலரை விழுது. நாலரை தாங்க."

லிங்கராஜ் சிரிப்பை நிறுத்தினார். ஜீவமணியின் பக்கம் திரும்பி, "இவளத் தோணிக்கு அனுப்பிட்டு நீ மாவரை" என்றார்.

"கையில ரூபியா இருந்தா வெங்காயம் வித்து முடியுத வரைக்கும் நிக்காண்டாம்லா" என்று பிலோமி விடாமல் சொன்னாள். "எறங்குன அன்னைக்கே நல்ல மாசியாப் பொறுக்கலாம்."

"எனக்கு லாபம் வேண்டாமா? டாலர் வாங்குத அதே வெலைக்கு இத எதுக்கு எடுக்க?"

அது நியாயம்தான். ஜீவமணி மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். நாலு ரூபாய் என்றால் முப்பத்தாறாயிரம், கிரைண்டர் போச்சு. போனை எடுக்கக் கை போனது, எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக முதல்தடவையாக வாயைத் திறந்தார்.

"தண்டல், நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இவ முப்பத்தெட்டு கட்டணும். நாலேகால் போடுங்க."

லிங்கராஜ் இடுப்புப் பையை அவிழ்த்தார். நாலேகாலுக்கு முடிந்தது. இதெல்லாம் சட்டப்படி சரியா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கே யாருக்கும் பதில் தெரிந்திருக்காது. ஒன்பது ஆமைகளும் லிங்கராஜின் இடுப்புப் பையில் ஏறி, வந்த வழியே கடலுக்குத் திரும்பின. பிலோமியின் கையில் முப்பத்தெட்டாயிரத்து இருநூற்றைம்பது.

சனிக்கிழமை பதினோரு மணிக்குச் செல்வதுரை கடையில் பணத்தை எண்ணி வைத்தாள். செல்வதுரை எண்ணிவிட்டு, மறுபடியும் எண்ணினார்.

"பதினோராயிரம் குறையுதே தங்கச்சி."

"பாக்கி முப்பத்தெட்டுதான அண்ணாச்சி?"

"அது பத்து லிட்டருக்கு. ஒங்க வீட்டுக்காரரு மாலேல இருந்து போன் பண்ணி இருபது லிட்டர்லா எடுத்து வைக்கச் சொன்னாரு? ஒங்கட்ட மூச்சு விடக்கூடாதுன்னு வேற…" என்றவர், மூச்சு விட்டுவிட்டதை உணர்ந்து ரசீதுப் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார்.

ஜீவமணி ஒரு மிக்சியின் விலைச்சீட்டை மிகுந்த அக்கறையோடு வாசித்துக்கொண்டிருந்தார்.

பிலோமி ஓரத்தில் நின்ற பெரிய மிஷினைப் பார்த்தாள். அதன் உருளைக் கல்லை ஒருதரம் கையால் சுற்றிவிட்டாள். "பத்தே போதும் அண்ணாச்சி, ஏத்திவிடுங்க" என்றாள்.

மிச்சம் இருநூற்றைம்பதும் சுமை ஆட்டோவுக்குச் சரியாகப் போனது. பின்னால் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். திட்டு எப்போது வரும் என்று ஜீவமணி காத்திருந்தார். வந்தால் நிம்மதியாக இருக்கும்.

"இருபது லிட்டர் வாங்க எத்தன கிலோ மாசி கொண்டாரணும்?" என்று பிலோமி கேட்டாள்.

ஜீவமணி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவள் பார்த்த பார்வையில் மறுபடி உள்ளே வைத்துவிட்டு, விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார்.