‘பார்த்தது’ என்ற கட்டம்

என் நாத்தனாருக்கு வீட்டில் ஜட்ஜம்மா என்று பெயர். வைத்தவர் என் கணவர். சின்ன வயதில் அண்ணன் தங்கைக்கு நடுவில் ஒரு பழம் வந்தால் ஸ்கேல் வைத்து அளந்துதான் வெட்டுவாளாம். அப்படியும் ஒரு பாதி பெரிதாகிவிட்டால் அதை அண்ணன் பக்கம் தள்ளிவிட்டு, சின்னதைக் கையில் வைத்துக்கொண்டு அழுவாளாம். “இவ நியாயத்துல யாருக்கும் லாபமில்ல, இவளுக்கும் இல்ல” என்பார் அவர். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

பத்தொன்பது வருடமாக அவளுக்கு ஒரே வேலை. பட்டன் தொழிற்சாலை நடத்திச் சம்பாதித்த ஒருவர் சாவதற்கு முன் ஒரு சின்ன அறக்கட்டளையை வைத்துவிட்டுப் போனார். அவருடைய மகளும் இரண்டு மகன்களும் அதை நடத்துகிறார்கள். ஊரில் நல்ல காரியம் செய்கிற சங்கங்கள், காப்பகங்கள், மன்றங்கள் விண்ணப்பம் போடும். வருடத்துக்கு ஒரு முறை மூவரும் அப்பாவின் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வார்கள். நாற்பது விண்ணப்பம் வந்தால் பத்துக்குக் கிடைக்கும். கிடைக்காதவர்கள் அடுத்த வருடம்தான் வர முடியும். சம்பளத்துக்கு இருக்கும் ஒரே ஆள் என் நாத்தனார். ஆபீஸ் என்று சொல்வது அந்த வீட்டு மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையை. உயரமானவர்கள் தலையில் இடித்துக்கொள்ளாமல் அங்கே நுழைய முடியாது.

ஒவ்வொரு விண்ணப்பமும் முப்பது, நாற்பது பக்கம் இருக்கும். அதைப் படித்து ஒரே பக்கமாக்குவது அவள் வேலை. யார், என்ன செய்கிறார்கள், எவ்வளவு கேட்கிறார்கள், எத்தனை பேருக்குப் பயன் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசியாக, ‘பார்த்தது’ என்று ஒரு கட்டம். அதற்காக அவள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போய், அந்த இடத்தில் ஒரு ஓரமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். கொடுக்கிற டீயைக்கூடத் தொட மாட்டாள். தண்ணீர் மட்டும். திரும்பி வந்து அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு வரி எழுதுவாள். ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு, “வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதியிருந்தது.” ஒரு தையல் பயிற்சி நிலையத்துக்கு, “ஆறு மிஷினில் நான்கின் மேல் தூசி.” முதலாவதுக்குப் பணம் போனது, இரண்டாவதுக்குப் போகவில்லை என்று நான் சொல்லவும் வேண்டுமா?

இவளுக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் தன் மச்சான் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு மூன்று வருடம் பணம் வாங்கிக் கொடுத்து மாட்டிக்கொண்டவர். அதனால் சேர்ந்த அன்றே இவளிடம் ஒரு விதியைப் படித்துக் காட்டினார்கள். சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட விண்ணப்பம் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அதைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை வெளியே போய் உட்கார வேண்டும். சொந்தக்காரர் என்று அவளுக்கு நாங்கள் இரண்டு பேர்தான். எங்களோடுதான் பின்கட்டு அறையில் இருந்தாள். நாங்கள் என்ன சங்கமா நடத்தப் போகிறோம்?

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி ஊரின் அடுத்த கோடியில் இருந்தது. எனக்குத் துணி வெளுக்கும் நிலையத்தில் காலை ஷிப்ட், லீவு போட்டால் சம்பளம் இல்லை. அவரைப் போல இருந்தவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து விட ஒரு சங்கம் வேன் ஓட்டியது. நடத்தியவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பதினோரு நோயாளிகளும் ஏறி உட்கார்ந்த பிறகு பழக்கதோஷத்தில் ஒரு விசில் ஊதி “போலாம் ரைட்” என்பார். ஊசி போட்டுப் போட்டுக் கை வீங்கிப்போன மனிதர்கள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு போவார்கள். நாலு வருடம் அப்படி ஓடியது.

பணம் கொடுத்துவந்த ஒருவர் நின்றுவிட, டீசலுக்கும் டிரைவர் சம்பளத்துக்கும் வழியில்லாமல் கண்டக்டர் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் போட்டார். அது என் நாத்தனார் மேஜைக்கு வந்தது.

சொல்லிவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கலாம். சொன்னால், பழைய ஆள் மாதிரி இவளும் ஆரம்பித்துவிட்டாள் என்று விண்ணப்பத்தையே ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம். சொல்லாமல் உதவினால் திருட்டு. நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தாள் மகராசி. சொல்லவும் மாட்டாள், உதவவும் மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அந்தக் கடைசிக் கட்டத்தில் எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி அடித்தாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னத்த எழுதி என்னத்த அடிக்கிற? பொய்யா?”

“இல்ல அண்ணி. உண்மைதான்.”

“அப்புறம் எதுக்கு அடிக்கிற?”

“எனக்குப் பிடிச்ச உண்மையா இருக்கு. அதான் பயமா இருக்கு.”

கடைசியில், “குறிப்பாகச் சொல்ல எதுவும் இல்லை” என்று எழுதி மடித்து வைத்தாள். நான் பார்த்தேன். அவள் வேலை அவளுக்குத் தெரியும் என்று அடுத்த பாத்திரத்தை எடுத்தேன்.

பணம் கிடைக்கவில்லை. இரண்டு மாதத்தில் வேன் நின்றது. அன்றைக்கு நான் அவளைப் பேசிய பேச்சு எனக்கே மறக்கவில்லை. “ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி. ஊர்ல இருக்கிறவன் செருப்பப் பத்தி எழுதத் தெரியுது, சொந்த அண்ணன் உசிரப் பத்தி எழுத வரலையா உனக்கு?” என்று கத்தினேன். அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நானே அறக்கட்டளையை நடத்தும் மூன்று பேரில் மூத்த அம்மாவைப் போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினேன். என் கணவர் கதவை மறித்து நின்றார். “இப்ப போய்ச் சொன்னா, இவ்வளவு நாள் ஏன் மறைச்சேன்னு கேப்பாங்க. அவ வேலைக்கு நீ வேட்டு வைக்காத. நான் பஸ்ஸுல போய்க்கிறேன்.”

இரண்டு பஸ் மாற வேண்டும். பாதி நாள் நாத்தனார் தன் சம்பளத்தில் டாக்சி வைத்தாள். தங்கை காசைக் கரைக்கிறோம் என்று அவருக்குக் கூச்சம். “இன்னிக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு, நாளைக்குப் போறேன்” என்று ஆரம்பித்தார். நான் வேலைக்குப் போன பிறகு போகாமலே இருந்துவிட்டு, போனேன் என்று பொய் சொன்ன நாட்களும் உண்டு. கால் வீங்கியது. மூச்சு வாங்கியது. ஏழாவது மாதம், ஒரு புதன்கிழமை காலையில், சட்டையில் ஒரு கையை மாட்டியபடி கட்டிலில் சாய்ந்தார். மறு கையை மாட்டவில்லை.

துக்கம் விசாரிக்க அந்த மூன்று பேரும் வந்தார்கள். மூத்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் உள்ளே வந்தார். வந்தவர் என் கணவர் படத்தைப் பார்த்து, “நாலு வருஷம் நம்ம வண்டியில வந்த மனுஷன்” என்று விம்மிவிட்டார்.

மூத்த அம்மா மெதுவாக என் நாத்தனார் பக்கம் திரும்பினார். “எந்த வண்டி? போன வருஷம் நாம வேண்டாம்னோமே, அந்த வண்டியா?”

“ஆமா மேடம்.”

“அதுல உங்க அண்ணனா?”

அவள் தலையை ஆட்டினாள்.

“நீ கடைசி வரி எழுதலையேம்மா. எதுவும் இல்லைன்னு போட்டிருந்த. பத்தொம்பது வருஷத்துல நீ அப்படி எழுதினதே இல்ல. ஏதோ தப்பாப் பார்த்திருக்க, வாய்விட்டுச் சொல்லப் பிடிக்கலைன்னு நெனச்சோம். நீ வேண்டாங்கறேன்னுதான் நாங்களும் வேண்டாம்னோம்.”

அவருடைய இளைய தம்பி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “வெளிய போய் உக்காரச் சொல்லித்தானே விதியில இருக்கு? வாய மூடிக்கச் சொல்லி இல்லையே!”

அவளுடைய பக்கத்தை அவர்கள் அப்படித்தான் படிக்கிறார்கள் என்று அவளுக்கு அந்த நிமிடம் வரை தெரியாது. தராசில் கை வைக்கக் கூடாது என்று எடுத்துக்கொண்ட கையே அடுத்த தட்டை இறக்கிவிட்டது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் இரக்கம் வந்துவிடும் என்று பயந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் ஒரே அடுப்பில் சமைத்தோம், ஒரே கூரையின் கீழ் தூங்கினோம், பேசவில்லை. அவள் சாப்பிட்டாளா என்று பாத்திரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். வேலையை விடப் போகிறாள் என்று நினைத்தேன். விடவில்லை. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

மறு வருடம் கண்டக்டர் மறுபடி விண்ணப்பம் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இந்தத் தடவை எழுதலாம் அண்ணி” என்றாள். “இப்பதான் எனக்கு அங்க யாரும் இல்லையே.”

கையில் இருந்த கரண்டியை எறிந்திருப்பேன். எறியவில்லை, ஏனென்றால் அதைச் சொல்லும்போது அவள் உதடு கோணிக்கொண்டது. நான் எதிரில் உட்கார்ந்தேன்.

“எத்தன பேர் வீட்டுக்குப் போன?”

“நம்மளத் தவிர பத்து வீட்டுக்கும்.”

“டீ குடிச்சியா?”

“குடுத்த எடத்துல எல்லாம் குடிச்சேன்.”

பேனாவை எடுத்தாள். நிறுத்தாமல் எழுதினாள். நான் தலைகீழாகவே படித்தேன்.

“இந்த வேனில் பதினோரு பேர் போய் வந்தார்கள். வேன் நின்ற பிறகு மூன்று பேர் இறந்துவிட்டார்கள். அதில் ஒருவர் என் வீட்டில்.”

எழுதியதைப் படித்துப் பார்த்தாள். பேனா மறுபடி கடைசி வரிக்குப் போனது. அடிக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கையை எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும்.

எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். “இருக்கட்டும். உண்மைதானே.”

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் கையை விடவில்லை. போன வருடம் இதே மேஜையில், என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.