டிட்டோ வைத்த சலாம்

அந்தக் கம்பெனியில் டிரைவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேலாளரை உரித்து வைத்த மாதிரி அதே சப்பை மூக்கு, அதே முன்வழுக்கை. டிட்டோ என்ற பேர் ஒட்டிக்கொண்டது. அர்த்தம் என்னவென்று ஒருநாள் கணக்குப் பிரிவில் விசாரித்தார்.

"மேல இருக்கிறதேதான்னு அர்த்தம் அண்ணே. திரும்ப எழுதச் சோம்பலா இருந்தா கீழ இதைப் போட்டுக்குவோம்."

சரிதான், மேலே அவர், கீழே நான் என்று சிரித்துக்கொண்டார். அப்போது சிரிக்க முடிந்தது.

பிறகு ஒருநாள், முக்கியமான வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். வாசலில் காத்திருந்த இருவரில் டிட்டோவைக் கட்டிப்பிடித்துப் பூங்கொத்தையும் கொடுத்துவிட்டார். மேலாளர் பக்கத்தில் பேந்தப் பேந்த விழித்தார். விருந்தாளி கிளம்பியதும் அத்தனை பேர் முன்னால், "இந்த மூஞ்சிய இனிமே இங்க காட்டாத! வெளிய போ!" என்று கத்தினார். மூஞ்சி செய்த குற்றத்துக்குப் பிழைப்பு போனது. டிட்டோ வீட்டுக்கு வந்து பொருமித் தீர்த்தார்.

"விட்டுத் தொலைங்க. வேற வேலையப் பாருங்க" என்றாள் மனைவி.

"பாக்கத்தான் போறேன். எங்கன்னு மட்டும் கேக்காத."

மேலாளர் தன் வாடிக்கையாளர்களை விருந்துக்கு அழைத்துப்போவது ஒரே ஓட்டலுக்குத்தான். அங்கே சமையலறையில் இருந்த மச்சானைப் பிடித்து, வாசலில் கார்க்கதவு திறந்துவிடும் வேலையை வாங்கினார் டிட்டோ. கறுப்புக் கோட்டு கொடுத்தார்கள். தலையை மேலாளர் மாதிரியே படிய வாரிக்கொண்டு, வந்தவன் போனவனுக்கெல்லாம் இடுப்பு ஒடியக் குனிந்து சலாம் வைத்தார். ஒவ்வொரு சலாமும் தேனாக இனித்தது. வாடிக்கையாளர்கள் மேலாளரைப் பார்த்த இடத்திலெல்லாம், "என்ன சார், சாயங்காலத்துல ஓட்டல் வேலையா?" என்று வாரினார்கள்.

ஒரு மாலை மேலாளரே ஓடி வந்தார். அவரும் கறுப்புக் கோட்டில்தான் இருந்தார்.

"மானம் போகுதுய்யா. பழைய வேலைக்கே வந்துடு."

"இங்க நிம்மதியா இருக்கேன் சார்."

அந்த நேரம் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவருக்கு என்ன அவசரமோ, முன்னால் நின்ற மேலாளரின் கையில் சாவியைத் திணித்தார். "ஓரமா போடுப்பா" என்று உள்ளே போய்விட்டார்.

மேலாளர் சாவியை நீட்டினார். டிட்டோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அடுத்த கார் ஹாரன் அடித்தது.

"சீக்கிரம் எடுங்க சார்," என்றார் டிட்டோ, "வழிய மறிக்குது."