கழிக்காத நிறை

என் உடம்பின் எடையை முதன்முதலில் எனக்குச் சொன்னது ஒரு கொழுந்துத் தராசு. பசறைக்கு மேலே, பஸ் போகாத ஒரு தேயிலைத் தோட்டத்தில், எழுபதுகளின் கடைசியில். நூற்று எழுபத்தெட்டு றாத்தல் என்றார்கள், இன்றைய கணக்கில் எண்பது கிலோ. கொழுந்து நிறுக்க வரிசையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் மடுவத்தின், அந்த நிறுவைக் கொட்டகையின், தகரக் கூரை அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு மட்டும் அல்ல. எனக்கு முன்னால் அதே தராசில் ஏறியவளுக்கும் சேர்த்துத்தான். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எண் தெரியும், எழுத்துக் கூட்டத் தெரியும், ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. கொஸ்லந்தையில் பிறந்து, ஹல்துமுல்லையில் மாடு மேய்த்து, மாவும் அரிசியும் கிடைக்காத வருஷங்களில் மரவள்ளிக் கிழங்கையும் காட்டுக் கீரையையும் அவித்துத் தின்று வளர்ந்தேன். என் தங்கை அந்த வருஷங்களைத் தாண்டவில்லை. பிறகு பண்டாரவளையில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்தது. அங்கே கருகிய பாணை யாரும் கணக்கில் வைக்கவில்லை. நான் தின்றேன். பசிக்குத் தின்றேன் என்று சொல்ல முடியாது. நாளைக்கு இது இருக்காது என்று தின்றேன். நாளைக்கும் இருந்தது. அதையும் தின்றேன்.

அங்கிருந்து கிளம்பி இந்தத் தோட்டத்துக் கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றும் வேலைக்கு வந்தபோது, நாலு சாக்கு தூக்கியதும் மூச்சு வாங்கியது.

"ஒன்ன ஏத்துனா ரெண்டு சாக்குக் கொழுந்த எறக்கணும்டா" என்பார் டிரைவர் அண்ணன்.

தோட்டத்தில் என்னைவிடப் பருமனான ஆள் ஒருத்திதான் இருந்தாள். பிள்ளைக் காம்பரா ஆயா. மலைக்குப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம் அது. இருபது வருஷம் கொழுந்து பறித்துவிட்டு அந்த வேலைக்கு வந்தவள். பஞ்ச வருஷங்களில் அங்கிருந்த தொட்டில்கள் ஒவ்வொன்றாக வெறுமையானதைப் பார்த்திருந்தாள். அதற்குப் பிறகு, ஒரு பிள்ளை கடித்துப் போட்ட ரொட்டித் துண்டைக்கூட அவளால் எறிய முடியவில்லை. எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். முப்பது பிள்ளைகளின் மிச்சம், ஆறேழு வருஷம். உடம்பு அப்படி வந்தது.

அவளுக்குத் தொப்புளுக்குக் கீழே ஒரு புடைப்பு இருந்தது, கைமுட்டி அளவுக்கு. இருமும்போது உள்ளங்கையால் அதை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொள்வாள். அது கூடிக்கொண்டே வர, தோட்டத்து டிஸ்பென்சரியில் பதுளை ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். லொறி டயருக்காக அன்று பதுளை போனது. அவளை அழைத்துப் போகும் வேலை என் தலையில் விழுந்தது.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"அம்மா, இது குடல் இறக்கம். என்றைக்காவது உள்ளுக்குப் போகாமல் இறுகிப்போச்செண்டா உயிருக்கு ஆபத்து. வெட்டித் தைக்கத்தான் வேணும். ஆனா இந்த உடம்பில தைச்சா தையல் நிக்காது, மயக்கத்தில மூச்சும் கஷ்டம். முப்பது றாத்தல் குறைச்சுக்கொண்டு வாங்கோ, செய்யலாம்."

பஞ்சத்தில் மிஞ்சிய ஒருத்தியிடம் மெலிந்து வா என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் திரும்பினார்.

"தம்பி, நீர் என்னத்துக்குச் சிரிக்கிறீர்? உமக்கும் இருபத்தைஞ்சு இறங்கோணும்."

திரும்பி வரும்போது ஆயா லொறியில் புடைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏற்றத்தில் லொறி திணறியபோது கேட்டாள்: "கொறஞ்சிச்சா கொறையலியான்னு எப்புடித் தம்பி தெரிஞ்சுக்கிறது?"

"மடுவத்துல பெரிய தராசு இருக்குல்ல ஆயா."

மடுவத்தில் நிறை பார்த்து எழுதும் கணக்கப்பிள்ளை முதலில் மறுத்தார். "இது கொழுந்து நிறுக்கிற தராசு, கொழுத்தவங்கள நிறுக்க இல்ல" என்றார். பெண்கள் விடவில்லை. "ஒரு உசிரு சம்பந்தப்பட்டதுங்க ஐயா" என்று ஒருத்தி தொடங்க, ஆளுக்கொரு குரலாகக் கூடிவிட்டது. நான் லொறிப் பலகையில் கயிறு கட்டி, தராசின் கொக்கியில் ஊஞ்சல்போல மாட்டினேன். ஆயா புடைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கால் தரையை விட்டதும் முள் ஓடியது.

"ஆயா ஊஞ்சல் ஆடுறா டோய்!"

"உத்தரம் பாத்துக்கங்க, உத்தரம்!"

கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார். "நூத்தி எம்பத்திரெண்டு" என்று சொல்லி, ஒரு பழைய அட்டையின் பின்பக்கத்தில் எழுதினார்.

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். முள் நூற்றுத் தொண்ணூறில் நின்றது. பலகைக்கும் கயிற்றுக்கும் நாலு, அது நியாயம். இன்னொரு நாலு எங்கே போனது? கூடைக்கு ரெண்டு, தண்ணிக்கு நாலு என்று ஒவ்வொரு நிறுவையிலும் கழித்துக் கழித்து அவர் கை பழகியிருந்தது. மழை பெய்தாலும் தண்ணிக்கு நாலு, வெயில் காய்ந்தாலும் நாலு. அந்தக் கை ஆயாவிடமும் தண்ணிக்குக் கழித்துவிட்டது.

பெண்களுக்குப் புரிந்ததும் மடுவமே குலுங்கியது. "நல்லதுதானே ஆயா, ஒக்காந்த எடத்துலயே நாலு றாத்தல் எறங்கிப் போச்சு!"

ஆயா இறங்கவில்லை. ஊஞ்சலில் இருந்தபடியே கேட்டாள்.

"பலகைக்குக் கழிச்சீங்க, சரி. தண்ணிக்கு ஏங்கய்யா?"

"அது... பழக்கத்துல வந்திருச்சு. ஒனக்கு நல்லதுதானே, விடு."

"இருபது வருசம் இதே தராசுல என் கொழுந்த நிறுத்தாங்க. ஒரு நாளு முழு நெற போட்டதில்ல. இன்னிக்கு என்னையே நிறுக்குறீங்க. இதையாவது முழுசா எழுதுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. கணக்கப்பிள்ளை பென்சிலை நாக்கில் தொட்டு, அடித்து, நூற்று எண்பத்தாறு என்று எழுதினார். பாரமாக இருப்பதற்கு வெட்கப்பட வேண்டிய இடத்தில், தன் பாரத்தை ஒரு றாத்தல் குறையாமல் கேட்டு வாங்கிய ஒருத்தியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அடுத்து நான் ஏறினேன். எனக்கும் தண்ணிக்கு நாலு போனது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் இறங்க வேண்டிய இடம் நூற்று ஐம்பத்தாறு. பின்னேரம் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிப்போன பிறகு, ஒரு பழைய சேலையை வயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உச்சி மலை வரை நடப்பாள். நான் கூடவே போவேன். எதிரே இறங்கி வரும் பெண்கள் நின்று பார்ப்பார்கள். "கொழுந்துக் கூட இல்லாம மல ஏறுற மொத ஆளு நீங்கதான் ஆயா." முதல் வாரம் பாதி வழியில் இருவரும் உட்கார்ந்துவிட்டோம். மூச்சு வந்ததும் அவள்தான் முதலில் எழுந்தாள்.

நடப்பது சுலபம். தின்னாமல் இருப்பதுதான் பாடு. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு சடங்கு வீட்டில் இலையில் உட்காராமல் போனால் அந்த வீட்டோடு பேச்சே அறுந்துபோகும். ஆயாவுக்காகப் பெண்களே முன்னால் போய்ச் சொன்னார்கள்: "ஆயாவுக்கு எல போடாதீங்க, கோவிச்சுக்காதீங்க, டாக்டர் சொன்னது." வாழ்நாளில் ஒரு வேளையாவது பட்டினி கிடக்காத ஆள் அந்த லயங்களில் யாரும் இல்லை. அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒருத்தியைக் குறைவாகத் தின்னவைக்கக் காவல் நின்றார்கள். தேநீரோடு உள்ளங்கையில் வைத்து நக்கும் சீனியைக்கூட அவள் வரும்போது மறைத்துக்கொண்டார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பு தீரவில்லை.

ஆனால் காம்பராவில் அவள் தனியாக இருந்தாள். பிள்ளைகள் ரொட்டியை மிச்சம் வைத்துக்கொண்டே இருந்தன. அவள் தின்னவில்லை, எறியவும் இல்லை. ஒரு பொட்டலமாகச் சுற்றி என்னிடம் கொடுத்தாள், லயத்து நாய்களுக்குப் போடச் சொல்லி. லொறிக்குப் பின்னால் நின்று அதைப் பிரிப்பேன். நாய்கள் என்னைச் சுற்றி நின்று வாலாட்டும்.

இரண்டாவது மாதம், சனிக்கிழமை நிறுவையில், அவள் பதினொரு றாத்தல் இறங்கியிருந்தாள். நான் மூன்று ஏறியிருந்தேன்.

ஆயா என் முகத்தைப் பார்த்தாள். பொட்டலத்தைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"எம்மேல இருந்து எறங்குறதெல்லாம் ஒம்மேலதான் ஏறுதா தம்பி?"

நான் தலையைக் குனிந்தேன். அவள் திட்டவில்லை. மறுநாள் என்னைக் காம்பராவுக்குக் கூப்பிட்டு, ஒரு லயத்துக் கோழியை வாசலில் விட்டு, ரொட்டித் துண்டுகளைப் பிய்த்துப் போட்டாள். கோழி கொத்தத் தொடங்கியதும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

"நீயும் திரும்பு. பாத்தா தாங்காது."

இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம், கோழி தின்று முடிக்கும்வரை. அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. என் முள்ளும் மெல்ல இறங்கத் தொடங்கியது.

ஐந்தாவது மாதம் மழை பிடித்துக்கொண்டது. மாதத்துக்கு ஒருமுறை வரும் ஆஸ்பத்திரி நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை ஆயா சொட்டச் சொட்ட நனைந்து வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தாள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து, "நூத்தி அம்பத்தாறு! போய்ட்டு வா ஆயா" என்றார். பெண்கள் கைதட்டினார்கள்.

ஆயா என்னைப் பார்த்தாள். அவளுக்கு எண் தெரியாது. "தம்பி, முள்ளு எங்க நிக்குது, பாத்துச் சொல்லு."

ஒரு நொடி யோசித்தேன். அந்த நொடியில் மடுவத்தில் நின்ற எண்பது பெண்களும் சொல்லாதே என்பதுபோல என்னைப் பார்த்தார்கள். கணக்கப்பிள்ளை இந்த முறை பழக்கத்தில் கழிக்கவில்லை, இரக்கத்தில் கழித்திருந்தார். ஆனால் கத்தி அவளுடைய வயிற்றில் அல்லவா இறங்கப்போகிறது?

"பலகைய கழிச்சா நூத்தி அறுபது ஆயா."

"நனைஞ்ச சேலைதானே, இன்னிக்குத்தான் ஐயா கழிச்ச தண்ணி நெசத் தண்ணி!" என்றாள் ஒருத்தி.

"இருங்க" என்று ஆயா இறங்கிப் போனாள். காம்பராவில் உலர்ந்த சேலை மாற்றி, குடைக்குள் ஒடுங்கி வந்து மறுபடி உட்கார்ந்தாள். நான் படித்தேன். பலகை போக நூற்று ஐம்பத்தெட்டு.

"இன்னும் ரெண்டு இருக்கு" என்றாள். "இந்த மாசம் போகல. அடுத்த மாசம் போறேன்."

அதற்குள் வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"முழுசா நனைஞ்ச ஆயாகிட்டயே தண்ணி ரெண்டு றாத்தலுதான். இத்தினூண்டு கூடையில எப்புடிங்கய்யா நாலு?"

யாரும் சிரிக்கவில்லை. கணக்கப்பிள்ளை அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தார். திங்கட்கிழமை கொழுந்து நிறுக்கும்போது பெண்கள் ஒவ்வொருத்தியாக என்னைக் கூப்பிட்டார்கள்: "தம்பி, முள்ளு எங்க நிக்குது?" நான் படித்தேன். ஒரு வாரம் படித்தேன். அடுத்த வாரம் லொறியில் என் வேலை போய்விட்டது. எனக்கு அது புதிதல்ல. வழக்கமாக இருந்தால் அன்றே மூட்டை கட்டியிருப்பேன். டிரைவர் அண்ணன் தன் லயத்து அறையில் தங்க இடம் கொடுத்தார். ஆயாவுக்காக இருந்தேன்.

அந்த இடைவெளியில் ஒருநாள் புடைப்பு உள்ளே போக மறுத்தது. காம்பராத் தரையில் காலை உயர்த்தி வைத்துப் படுத்துக் கிடந்தாள். முகம் சாம்பலாகிவிட்டது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பார்த்தன. லொறியை நிறுத்த ஓடினேன். திரும்பி வந்தபோது அது தானாக உள்ளே போயிருந்தது. நான்தான் அந்த எண்ணைச் சொன்னவன். அதை அவளிடமே சொன்னேன்.

"பயப்படாத" என்றாள். "பொய்யி எடைய நம்பி அவரு கத்தி வச்சாருன்னா, அப்புறம் சாகுறது நான்தானே?"

அடுத்த ஆஸ்பத்திரி நாளில் பசறைக்கு நடந்து இறங்கி, பஸ் ஏறிப் போனோம். நர்சம்மா அவளை நிற்கும் தராசில் ஏற்றி, குண்டை நகர்த்தி, நூற்று ஐம்பத்தாறு என்று எழுதினாள். மடுவத்தில் முந்தின நாள் நான் படித்த அதே எண்.

"எவ்வளவு கழிச்சீங்கம்மா?" என்றாள் ஆயா.

நர்சம்மாவுக்கு விளங்கவில்லை. "கழிக்கிறதா? ஏன்?"

ஆயா என் பக்கம் திரும்பினாள். சிரிக்கவில்லை. பெரிய இடம் ஒன்றைப் பார்த்ததுபோல அவள் கண் விரிந்திருந்தது. டாக்டர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "வீட்டில என்னத்தில நிறுத்தனீங்கள்?" என்றார்.

"கொழுந்துத் தராசுலங்க."

அவர் கட்டிலுக்கு எழுதிக் கொடுத்தார்.

தையல் நின்றது. நாலாம் நாள் நான் வார்டுக்குப் போனபோது மதியச் சாப்பாடு வந்திருந்தது. சோறு, பருப்பு, ஒரு துண்டு மீன். பாதி தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்திருந்தாள். நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. என் கண் அந்தத் தட்டிலேயே நின்றதை அவள் கவனித்துவிட்டாள். பேசினால் வயிறு வலிக்கும், மெதுவாகச் சொன்னாள்.

"நர்சம்மா வந்து எடுத்துக்கிட்டுப் போவாங்க. அதுவரைக்கும் அந்தப் பக்கம் திரும்பிக்குவோம். அப்புறம் நீ போயி கடையில ஒனக்குன்னு வாங்கிச் சாப்புடு."

இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.