அப்பா முடிக்காத பதினேழு பக்கம்

புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் கோட்-டெ-நெய்ஜ் வீட்டில், பாடத்துக்காக விக்டோரியா காலத்து நாவலொன்றை வாசித்துக்கொண்டிருந்த என் பேத்தி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

யாழ்ப்பாணத்தில் அப்பாவும் அப்படித்தான். அந்தக் காலத்து நாவல்களை எங்களுக்குச் சத்தமாக வாசித்து அழுவார். ஒரு பின்னேரம் கதையில் ஒரு சிறுமி சாகக் கிடந்தாள். உள்ளறையில் தங்கைக்கு மூன்றாம் நாள் காய்ச்சல். அப்பா நாலு தரம் கண்ணைத் துடைத்தார்.

“புத்தகத்துப் பிள்ளைக்கு அழுறியள், பெத்த பிள்ளையை ஒருக்கா வந்து பாருங்கோவன்,” என்றார் அம்மா.

“இன்னும் பதினேழு பக்கம்தானப்பா, முடிச்சிட்டு வாறன்,” என்றார் அப்பா.

அம்மா புத்தகத்தைப் பறித்துவிட்டுத் தங்கையை அவர் மடியில் கிடத்தினார். “இந்தச் சூட்டை வாசியுங்கோ.”

அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

தங்கை பிழைத்தாள். இப்போது இங்கே பக்கத்து ஊரான டோர்வலில் தனியாக இருக்கிறாள். இதை எழுதத் தொடங்கியபின் இரண்டு தரம் எனக்குப் போன் எடுத்துவிட்டாள். முடித்துவிட்டுக் கதைக்கலாம் என்றிருந்தேன். மூன்றாவது தரம் அடிக்கிறது.