கறுப்புக் கோப்பையில் ஊமைச்சி

எங்கள் திராட்சைப் பண்ணையில் எல்லோரும் அவரை மூக்கக்கா என்றே அழைத்தோம். மூக்கு பெரிது என்பதற்காக அல்ல; அது நடுத்தரமான மூக்குதான். ஒயின் கோப்பையை ஒருமுறை முகர்ந்துவிட்டு, "இது மேல்வரிசைக் கொடியோட சித்தி மக" என்பார். இலையை வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி வம்சம் பார்த்தால், பெரும்பாலும் சித்தி மகள்தான் என்று பதில் வரும். எப்போதும் அப்படி வந்ததில்லை. தவறியவற்றையும் நான் குறித்தே வைத்தேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதுவது முறையாகாது.

அது பழம் விற்கிற பண்ணை அல்ல. எவரும் பயிரிடாத, கடைகளில் பேர்கூடக் காணாத சிவப்பு ஒயின் திராட்சைகளைச் சேர்த்துக் காப்பாற்றும் இடம். வகைக்கு இரண்டே கொடிகள். ஒவ்வொரு வகையின் பழத்தையும் தனி ஜாடியில் நொதிக்கவிட்டு, ஆறிய பிறகு ருசி பார்த்து, எது எதற்கு உறவு என்று தேடுவோம். பலவற்றுக்கு முறையான பெயர் கிடையாது. வேலையாட்கள் வைத்த பட்டப்பெயர்களே நிலைத்துவிட்டன: கரும்பொட்டு, நண்டுக்கால், ஊமைச்சி. ஊமைச்சியை ஊற்றியவுடன் ஒரு வாசனையும் வராது. கோப்பையை உள்ளங்கையில் வைத்துக் காத்திருந்தால், ஈரக் களிமண்ணும் மிளகும் மெல்ல எழும். மூக்கக்காவுக்கு அதன்மேல் தனிப் பிரியம். "வீட்டுக்கு வந்த உடனே பேசாத மருமக மாதிரி" என்பார்.

ஓர் ஆண்டு பண்ணையின் கீழ்ப்பகுதி நிலத்தைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. எல்லாக் கொடிக்கும் இலைப் பரிசோதனை செய்ய வசதி இல்லை. ஆகவே மேலாளர் ஒரு விதி வைத்தார். சந்தேகமுள்ள இரண்டு வகைகளை ருசிபார்ப்பவர் இருவரும் தனித்தனியே 'ஒன்று' என்றால் கீழ்ப்பகுதியில் உள்ளதைப் பிடுங்கிவிடுவது. ஒருவர் 'வேறு' என்றாலும் இலை ஆய்வுக்கூடத்துக்குப் போகும்; வேறுதான் என்று வந்தால் கொடி மேல்பகுதிக்கு இடம் மாறும். ருசிபார்ப்பவர்கள் மூக்கக்காவும் அவருடைய கொழுந்தனும். டிராக்டரில் சங்கிலி கட்டிப் பிடுங்குபவர் மூக்கக்காவின் வீட்டுக்காரர். "ஒரே குடும்பம் சேந்து இத்தனை குடும்பத்தப் பிரிக்குதே" என்று தோட்டத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மூக்கக்காவுக்குக் காய்ச்சல் வந்து போனது. உடம்பு தேறிவிட்டது. வாசனை திரும்பவில்லை.

முதலில் சோப்பில் தெரிந்தது, பிறகு துவைத்த துணியில். ஒருநாள் மாலை அவர் சமையலறையில் நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்க, வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் ஒரே பாய்ச்சலில் உள்ளே நுழைந்து கேஸ் அடுப்பின் குமிழைத் திருகினார். ஜன்னலைத் திறந்தார், கதவைத் திறந்தார். விளக்குப் போடப்போன மனைவியின் கையைத் தட்டிவிட்டார். நெருப்பில்லாமல் அடுப்பு எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று இருவருக்கும் தெரியாது. இருவரும் வாசலில் இருட்டில் நின்றார்கள். வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. மூக்கக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும், வேலையோடு பண்ணைக் குடியிருப்பும் போகும் என்று பயந்தார்.

ருசிபார்க்கும் அறையில் பயம் இன்னும் பெரிது. நிறத்தைப் பார்த்து ஊகிக்கக் கூடாதென்று எங்களிடம் ருசிபார்க்கும் கோப்பைகள் எல்லாம் கறுப்புக் கண்ணாடி. இரண்டு மேசைகளுக்கு நடுவே மரத்தட்டி. ஒன்று என்றால் சீட்டில் ஒரு கோடு. வேறு என்றால் பெருக்கல் குறி. நான் சீட்டுகளை வாங்கிப் பதிவேன். மூக்கக்கா கோப்பைக்குள் மூக்கை நுழைத்தால் அங்கே வெறும் கிணறு. நாக்கில் புளிப்பும் துவர்ப்பும் மட்டும். எல்லாச் சிவப்பிலும் அவை உண்டு. தட்டிக்கு அப்பால் கொழுந்தனின் பென்சில் சத்தத்தைக் காதால் பிடிக்கத் தொடங்கினார். ஒரு கீறல் என்றால் ஒன்று. இரண்டு கீறல் என்றால் வேறு. காய்ச்சலுக்குப் பிந்தைய இரண்டு அமர்வுகளை அப்படியே ஒப்பேற்றினார். இதெல்லாம் பின்னர் அவர் வாயாலேயே என்னிடம் சொன்னது.

மூன்றாம் அமர்வில் வைத்தது ஒரே ஜோடிதான், ஊமைச்சியும் கரும்பொட்டும். எது என்று அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மூக்கக்கா குடித்தார், துப்பினார், காத்திருந்தார். அப்பாலிருந்து சத்தமே இல்லை. நான் நாற்காலியில் அசைந்ததுகூடக் கேட்டிருக்கும். அவருடைய விரல் நடுங்கியதை அன்றைக்குக் களைப்பு என்று நினைத்தேன். நடுங்கிய பென்சில் சீட்டில் பட்டு ஒரு கோடு விழுந்தது. அடுத்த நொடி அப்பால் ஒரு கீறல். அவர் மூச்சை விட்டார். தம்பியும் ஒன்று என்கிறான், நல்லவேளை.

சாப்பாட்டு நேரத்தில் கொழுந்தன் டப்பாவைத் திறந்தபடி சொன்னான்: "என்ன அண்ணி, இன்னைக்கு இவ்வளவு லேட்டு? உக்காந்து உக்காந்து கால் மரத்துப்போச்சு."

"நீதானடா லேட்டு."

"நானா? நீங்க கீறாம நான் எங்க கீறுறது? ஆரம்பத்துல இருந்தே உங்க பென்சிலக் கேட்டுத்தானே போடுறேன். உங்க மூக்கு இருக்கறப்ப என் மூக்கு எதுக்கு, சளி பிடிக்கவா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மூக்கக்கா சிரிக்கவில்லை. "போன ரெண்டு தடவையும்?" என்று கேட்டார்.

"அப்ப நீங்க ரொம்ப யோசிச்சீங்க. பொறுமை இல்லாம நானே குத்துமதிப்பாப் போட்டுட்டேன். நீங்களும் அதையேதான் போட்டிருக்கீங்கன்னு பதிவுக்காரர் சொன்னாரு. பரவாயில்லையே, நமக்கும் மூக்கு வந்திருச்சுன்னு நெனச்சேன்."

நான் கொடுத்தனுப்பிய முடிவு அதற்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்; கீழே டிராக்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. மூக்கக்கா கை கழுவாமல் எழுந்து ஓடினார்.

நான் பின்னால் போய்ச் சேர்ந்தபோது ஊமைச்சியின் ஒரு கொடி வேரோடு மண்ணில் கிடந்தது. இரண்டாவதன் அடித்தண்டில் சங்கிலி மாட்டியிருந்தது. மூக்கக்கா அந்தச் சங்கிலிமேல் ஏறி நின்றிருந்தார்.

"தள்ளு மூக்கி, சங்கிலி இழுத்தா கால் போயிரும்!"

"இழுக்காதீங்க. எனக்கு மூக்கு இல்லைங்க. காய்ச்சல்ல போயிருச்சு. நான் சும்மா கோடு போட்டேன்."

வேலையாட்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். வீட்டுக்காரர் இன்ஜினை நிறுத்தினார். இறங்கி வந்தார்.

"எனக்குத் தெரியாதா? அன்னையில இருந்து தீஞ்சு போன சோத்தத்தானே தின்னுட்டிருக்கேன்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிருவியேன்னு பயம்" என்றார். குனிந்து சங்கிலியைக் கழற்ற முயன்றார்; கொக்கி சீக்கிரம் கழலவில்லை.

மேலாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "இனிமே நீங்க அந்த ரூமுக்கு வர வேண்டாம்மா. கொடி வெட்டுற வேலைக்குப் போங்க. வீட்டப் பத்தி மேல கேட்டுச் சொல்றேன்" என்றார். கொழுந்தனையும் ருசி பார்ப்பதிலிருந்து நிறுத்தினார். ஊமைச்சியின் இலையும் கரும்பொட்டின் இலையும் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. ஒன்றல்ல, ஊமைச்சி தாய், கரும்பொட்டு அதன் மகள் என்று பதில் வந்தது. தாயில் மிஞ்சியது ஒரு கொடி.

அதைச் சொன்னபோது மூக்கக்காவின் முகம் தெளியவில்லை. "அண்ணே, அதுக்கு முந்தின ரெண்டு தடவ?" என்றார்.

அந்த இரண்டு அமர்வுகளின் முடிவில் நண்டுக்காலும் வேறு மூன்று வகைகளும் பிடுங்கப்பட்டிருந்தன. அவை எரிப்பதற்காக வேலியோரம் குவிந்திருந்தன, பெயர் அட்டைகள் கழன்று, ஒன்றின்மேல் ஒன்றாக. மூக்கக்காவும் வீட்டுக்காரரும் கொழுந்தனும் அந்தக் குவியலைக் கிளறினார்கள். கத்தியால் பட்டையைச் சுரண்டி, உள்ளே பச்சை தெரிகிற குச்சிகளை மட்டும் எடுத்து ஈர மணலில் நட்டார்கள். எந்தக் குச்சி எந்த வகை என்று சொல்ல ஆளில்லை. நான் வாழ்நாளில் முதன்முறையாக, பெயர் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுப் பதிந்தேன்.

குடியிருப்பு போகவில்லை; ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் யார் கதவைத் தட்டினாலும் மூக்கக்கா எழுந்து நின்றுவிடுவார். குச்சிகளில் பாதிக்கும் குறைவானவை துளிர்த்தன. தினமும் காலையில் மிளகை நசுக்கி முகர்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் "ஏதோ தீயுதுங்க" என்றார். வீட்டுக்காரர் சமையலறைக்கு ஓடினார். அடுப்பு அணைந்திருந்தது. எதுவும் தீயவில்லை. அதன்பிறகு அவருக்கு மிளகும் புகைதான், சோப்பும் புகைதான். திரும்பி வந்தது இதுதானா, இதற்குமேல் வருமா என்று வைத்தியருக்கும் தெரியவில்லை.

துளிர்த்த குச்சிகள் கொடியாகிக் காய்த்த ஆண்டு, சிறு ஜாடிகளில் ஒயின் இறங்கியது. நண்டுக்காலின் ருசியை உண்மையில் அறிந்தவர் அவர் ஒருவரே என்பதால், இது அதுதானா என்று பார்க்க மேலாளர் ஒரு தடவை மட்டும் அவரை அறைக்குள் அனுமதித்தார். கொழுந்தன் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். அறையில் நாங்கள் இருவர் மட்டும். மூக்கக்கா கறுப்புக் கோப்பையை உள்ளங்கையில் பிடித்து வெகுநேரம் காத்திருந்தார்.

"அண்ணே, புகைக்குப் பின்னாடி ஏதோ இருக்கு. எனக்கு ஆசையா இருக்கறதால இருக்குதான்னு தெரியல."

"என்ன போடப்போறீங்கம்மா?"

எங்கள் சீட்டில் இரண்டு குறிகளுக்குத்தான் இடம் இருந்தது. அவர் பென்சிலை எடுத்து, இரண்டையும் விட்டுவிட்டு, ஓரத்தில் ஒரு வட்டம் போட்டார். வட்டம் சேரவில்லை. சீட்டை என்னிடம் நீட்டிவிட்டு, கோப்பையை மறுபடி முகத்தருகே கொண்டுபோனார்.