கஞ்சி குடித்த குளம்

எங்கள் வீட்டுக்காரருக்குப் பச்சை என்றால் உயிர். கிளிப்பச்சை உடலுக்கு அரக்குக் கரை வைத்து அவர் நெய்த புடவைகளை ஏதாவது கல்யாணத்தில் பார்த்துவிட்டால், "இது என் கை" என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லாமல் அவரால் சாப்பிட முடியாது. அதே பச்சை கொல்லையில் என் குளத்தில் மிதந்தால் மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்வார். "சாக்கடை" என்பார். அந்தக் குளத்துக்கு அவர் வைத்திருந்த பெயரே அதுதான்.

காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதான். தெருப்பக்கம் குறுகலாக ஆரம்பித்து உள்ளே நீண்டுகொண்டே போகும். எங்கள் வீட்டில் முன்பாதி முழுக்கத் தறிக்கு. மிச்சப் பாதியில் சமையல், படுக்கை, சாமி, பீரோ, பீரோவின் தலையில் அட்டைப்பெட்டிகள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நூலை மிதிக்காதே, பாவு இழையைத் தொடாதே, தறிப்பக்கம் ஈரக்கையோடு வராதே என்று கேட்டுக் கேட்டு, சொந்த வீட்டில் ஓரமாக நடக்கப் பழகிவிட்டேன். எனக்கென்று யாரும் சண்டைக்கு வராத இடம் கொல்லைதான். பிள்ளை வேலைக்குப் போய் ஸ்ரீபெரும்புதூரிலேயே தங்கிவிட்ட பிறகு, அங்கே ஒரு குழி வெட்டி, கரை கட்டி, கிணற்றுத் தண்ணீர் விட்டு, நாலைந்து மீன் வாங்கி விட்டேன். ஓரிக்கைப் பக்கத்துக் குட்டையிலிருந்து அல்லிக் கிழங்கு வந்தது. குளம் என்று நான்தான் சொன்னேன். பார்க்கிறவர்கள் தொட்டி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மாசி மாதம் வெயில் ஏறியதும் தண்ணீர் பச்சையாயிற்று. முதலில் இளம்பச்சை, பிறகு மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத பச்சை. கரையோரம் நூல் நூலாகப் பாசி.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"வைகாசி வரிக்கும் பாக்குறேன். கருட சேவைக்கு எல்லாரும் வருவாங்க. அவங்க முன்னாடி இந்தச் சாக்கடைய வெச்சிக்கினு என்னால நிக்க முடியாது. அதுக்குள்ள தெளியலைன்னா மண்ணு கொட்டி மூடிட்டு ஷெட்டு போட்டுடுவேன்."

"ஷெட்டு எதுக்கு?"

"பையன் காரு வாங்கப் போறானில்ல? பின்சந்து வழியா கொண்டாந்து நிறுத்திடலாம்."

பையன் கார் வாங்கவில்லை. வாங்கலாமா என்று போனில் ஒரு தடவை கேட்டான், அவ்வளவுதான். வாங்காத காருக்கு வெயில் படக்கூடாதாம், அதற்காக உயிரோடு நீந்துகிற மீன்மேல் மண் கொட்டுவாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். மறந்தேன் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

கருட சேவைக்கு வருகிறவர்கள் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சிவன் கோயில் ஆட்கள். ஆனால் வைகாசியில் எங்கள் சொந்தக்காரர்களுக்குக் கட்சி பேதம் கிடையாது. ஆரணியிலிருந்தும் சென்னையிலிருந்தும் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவார்கள். பெருமாளைக் கொஞ்ச நேரமும் எங்கள் சமையலறையை அதிக நேரமும் சேவிப்பார்கள். இவர்களுடைய பார்வைக்காக என் குளம் தெளிய வேண்டும், இல்லாவிட்டால் போய்விடும்.

சரி, தெளிய வைக்கிறேன் என்று இறங்கினேன். மருந்து போட மாட்டேன் என்று முதலிலேயே முடிவு. மயில்துத்தம் போட்டால் பாசி செத்துவிடும் என்றார்கள். கூடவே மீனும் செத்துவிடும் என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். சாயப்பட்டறை வைத்திருக்கிற எதிர்வீட்டுக்காரர், "கொஞ்சம் நீலம் கரைச்சி ஊத்துங்கமா, வெயில் உள்ள போவாது, பாசி வராது" என்றார். அவருக்கு எல்லாமே ஒரு முக்கு முக்கி எடுக்கிற சமாச்சாரம். என் மீன்கள் கல்யாணத்துக்குப் போகவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

சென்னையில் என் தம்பி இருக்கிறான். பால்கனியில் ஒரு துளசிச் செடியை மூன்று தடவை சாகடித்தவன். போனில் எனக்குப் பாடம் எடுத்தான்.

"அக்கா, பார்லி வைக்கோல் போடுக்கா. அது ஊறும்போது பாசி வளராது. வெளிநாட்டுல எல்லாரும் அதான் பண்றாங்க."

காஞ்சிபுரத்தில் பார்லி மருந்துக்கடையில் கிடைக்கும். நீர்க்கடுப்புக்குக் காய்ச்சிக் குடிக்க ஒரு பாக்கெட் வாங்கலாம். வைக்கோலுக்கு எங்கே போவது? நெல் வைக்கோல் போதாதா என்றேன். "ட்ரை பண்ணிப் பாருக்கா" என்றான். படித்தவர்களுக்குத் தெரியாதபோது வருகிற வார்த்தை அது. முசரவாக்கத்திலிருந்து ஒருவர் பழைய வைக்கோல் ஒரு கட்டுக் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் கொல்லையில் மாட்டைத் தேடினார். குளத்துக்கு என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

வெங்காயம் வந்த வலைப்பையில் வைக்கோலை அடைத்து, கல்லைக் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டேன். அது மட்டும் போதாது என்று எனக்கே தெரியும். அல்லியைப் பிரித்து நட்டு, பாதித் தண்ணீரை இலை மூடுகிற மாதிரி செய்தேன். வெயில் குறைந்தால் பாசிக்குச் சாப்பாடு குறையும். கொல்லை முருங்கையின் இலை தண்ணீரில் விழ விழ எடுத்தேன். மீனுக்குப் போடுகிற தீனியைப் பாதியாக்கினேன். தின்னாமல் மிச்சமாகிறது பூராவும் பாசிக்கு எருதான். நூல் பாசியை மட்டும் எடுக்கிற வகை தெரியாமல் முதலில் கையால் பிய்த்தேன். பிய்ந்து பிய்ந்து கையில் ஒட்டியது. பிறகு ஒரு குச்சியை விட்டுச் சுற்றினேன். அப்படியே இழை அறாமல் குச்சியில் ஏறி வந்தது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் நூல் சுற்றிய கை, வேறு எப்படி எடுக்கும்?

பத்துப் பதினைந்து நாளில் தெளிந்தது. மீன் முதுகு தெரிந்தது. நான் கரையில் உட்கார்ந்து காபி குடித்தேன்.

அடுத்த வாரமே மறுபடியும் பச்சை.

திரும்பவும் சுற்றினேன், அள்ளினேன், பாதித் தண்ணீரை மாற்றினேன். தெளியும். நாலு நாள் சிரிக்கும். பிறகு ஒரே வீச்சில் பச்சையாகிவிடும். முருங்கையைச் சந்தேகப்பட்டேன், புறாவைச் சந்தேகப்பட்டேன், பக்கத்து வீட்டுச் சோப்புத் தண்ணீர் கசிகிறதோ என்று அந்த அம்மாவோடு ஒரு சின்னச் சண்டையும் போட்டேன். வீட்டுக்காரர் தினமும் வந்து எட்டிப் பார்த்து, "ஷெட்டுக்குத் தகரமா, சிமெண்ட் ஓடா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அழுகை வந்தது எனக்கு. அவர் முன்னால் அழவில்லை.

சித்திரையில் ஒரு நாள் தெருவில் எங்கள் பாவுக்குக் கஞ்சி போட்டார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தெளித்து நீவிவிடுவார்கள். இழை விறைப்பாக நின்றால்தான் நெய்யும்போது அறாது. காலையிலேயே ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிற வேலை. நான் பூ வாங்கப் போனவள், பூக்காரம்மா வராததால் சீக்கிரமே திரும்பிவிட்டேன். கொல்லையில் வீட்டுக்காரர் குளத்தங்கரையில் குந்தியிருந்தார். கையில் கஞ்சிப் பானை. மெதுவாகச் சரித்து, சொட்டுக்கூட மிச்சமில்லாமல் தண்ணீரில் ஊற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு கருணை.

"இன்னா பண்றீங்க?"

"மீந்த கஞ்சி. மீனுங்க குடிக்கட்டும்."

"எத்தினி நாளா நடக்குது இது?"

"பக்கத்து வூட்டு மாட்ட வித்ததுல இருந்து. அதுக்கு முன்னாடி அந்த மாட்டுக்குதான் ஊத்திக்கினு இருந்தேன். பாவுக் கஞ்சிய சாக்கடையில ஊத்தக் கூடாது, தறிக்கு ஆகாது. இது கூடவா தெரியாது உனுக்கு?"

"இதத்தான தினம் சாக்கடைன்னு சொல்றீங்க?"

பானையைக் கவிழ்த்துத் தட்டினார். "அது வேற, இது வேற" என்றார்.

என்ன சொல்வது இந்த மனிதரை? ஒரு பானைக் கஞ்சியைத் தேங்கின தண்ணீரில் கொட்டினால் பாசிக்கு விருந்துதான். ஊற்றினது இவர், பச்சையைப் பார்த்துத் திட்டினதும் இவர், மூடுவேன் என்று நிற்கிறதும் இவர். இனிமேல் தென்னை மரத்தடியில் ஊற்றுங்கள் என்று நல்லபடியாகத்தான் சொன்னேன். கால் படுகிற இடத்தில் பாவுக் கஞ்சியா என்று காதைப் பொத்தினார். அவங்கப்பா காலத்திலிருந்து யாரும் மரத்தடியில் ஊற்றியதில்லையாம். அவங்கப்பா காலத்தில் குளத்தில் ஊற்றினார்களா என்றேன். தறிக் குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். தறிக்குள் போய்விட்டால் இந்த வீட்டில் ஆம்பளையிடம் எதுவும் கேட்கக் கூடாது.

அதற்குப் பிறகு கஞ்சி போடுகிற அன்றைக்கெல்லாம் நான் முந்திக்கொண்டேன். "குடுங்க, பானைய நான் கழுவி வெக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு போய், மிச்சக் கஞ்சியை நேராகச் சாக்கடையில் ஊற்றினேன். தறி அதுபாட்டுக்கு ஓடிற்று. ஒரு இழைகூட அதற்காக அறவில்லை.

குளம் தெளிந்தது. இந்தத் தடவை தெளிந்தது தெளிந்ததுதான். வைகாசி வந்தபோது அடியில் கிடந்த கூழாங்கல் வரைக்கும் தெரிந்தது. இரண்டு அல்லி பூத்திருந்தது.

கருட சேவைக்கு வந்த கூட்டம், வீட்டுக்குள் நுழைந்த கால் மணியில் கொல்லைக்கு வந்துவிட்டது. ஆரணியிலிருந்து வந்த பெரிய நாத்தனார், "தம்பி, எவ்ளோ அழகா வெச்சிக்கினு இருக்குற" என்றார். அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து கரையில் நின்றார்.

"வைக்கோலு இருக்குது பாரு, அதான் விஷயம். அல்லி இலை பாதிக்கு மூடணும். மீனுக்குத் தீனி அதிகம் போடக் கூடாது. நூல் பாசிய குச்சியில சுத்தி எடுக்கணும், பிக்கக் கூடாது."

தினமும் எட்டிப் பார்க்க வந்தபோது நான் அவரிடம் சொன்ன வார்த்தை, ஒன்று விடாமல். சின்ன நாத்தனாரின் கணவர் போனில் படம் எடுத்தார். எங்கள் ஊரிலும் ஒன்று வெட்ட வேண்டும், நீங்கதான் வந்து பார்த்துக் கொடுக்கணும் என்றார். வீட்டுக்காரர் வருகிறேன் என்றார். அரைமணி நேரம் நின்று கேட்டேன். அதற்கு மேல் முடியவில்லை.

"கஞ்சி ஊத்துறத நிறுத்தினதாலதான் தெளிஞ்சிது" என்றேன். "இவங்க பாவுக் கஞ்சிய எல்லாம் இதுலதான் ஊத்திக்கினு இருந்தாங்க. நான் எடுத்துக்கினு போயி சாக்கடையில ஊத்தினப்புறம்தான் தண்ணி தெளிஞ்சிது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. பெரிய நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாவுக் கஞ்சிய சாக்கடையிலயா? தறி இருக்குற வூட்டுல யாருனா செய்வாங்களாமா இத? தம்பி, மொதல்ல இந்தக் கொளத்த மூடு. கஞ்சிய சாக்கடைக்கு அனுப்புற கொளம் இன்னாத்துக்கு?"

எல்லாரும் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் என்னை முறைத்தார். இவர் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே மண் லாரி பின்சந்துக்கு வந்துவிடும். நியாயம் பேசலாம், பாசி எதைத் தின்று வளரும் என்று பாடம் எடுக்கலாம், அழலாம். எதுவும் இந்தக் கூட்டத்தில் எடுபடாது. ஒரு வழிதான் இருந்தது. வாயில் கசந்தாலும் சொன்னேன்.

"அது உங்க தம்பி கொளம் அண்ணி. அவங்க பார்த்துப் பார்த்து வளர்த்தது. மூடுறதும் வெச்சிக்கிறதும் அவங்க இஷ்டம்."

அவர் குளத்தைப் பார்த்தார். மீன் ஒன்று அல்லி இலைக்கடியிலிருந்து வெளியே வந்து திரும்பிற்று. சின்ன நாத்தனாரின் கணவர் இன்னும் போனைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"நல்லா இருக்குற என் கொளத்த எதுக்கு மூடணும்?" என்றார் வீட்டுக்காரர். "கஞ்சிய தென்னைக்கு ஊத்திட்டா போச்சி. தென்னைக்கு ஊத்தக் கூடாதுன்னு எவனும் சொல்லலியே."

"அதான பார்த்தேன்" என்றார் பெரிய நாத்தனார். "உனுக்குதான் தம்பி இப்டி யோசனை வரும்."

சாப்பிட உள்ளே போனார்கள். நான் பரிமாறினேன். சாம்பார் பிரமாதம் என்று யாரோ சொன்னதற்கு, அதுவும் தான் செய்தது மாதிரி அவர் தலையாட்டிக்கொண்டார்.

கூட்டம் ஊருக்குப் போன மறுநாள் காலையில் நான் கரையில் உட்கார்ந்து குச்சியில் பாசி சுற்றிக்கொண்டிருந்தேன். தறிப்பக்கமிருந்து குரல் வந்தது.

"இந்தா, என் கொளத்துல தண்ணி கொறஞ்சிக்கினு வருது பாரு. ரெண்டு கொடம் ஊத்து."

குச்சியைக் கரையில் வீசினேன். எழுந்து போய்க் கிணற்றில் இறைத்து ஊற்றினேன்.